சிறு பிழைக்கு விதிவிலக்கு

அமெரிக்காவில் ஒரு மோட்டார் வண்டியின் கதவைத் திறந்தால், ஓட்டுபவர் பக்கத்துத் தூணில் உள்ளங்கை அளவில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பதைக் காணலாம். வண்டியில் எத்தனை பேர் அமரலாம், ஆளும் மூட்டையுமாக எவ்வளவு எடை ஏற்றலாம், டயரின் அளவு என்ன, அதில் எவ்வளவு காற்று அடைக்க வேண்டும் என்னும் செய்திகள் அதிலிருக்கும். அச்சீட்டில் ஓர் எண் தவறாக அச்சாகிவிட்டால் செய்வதென்ன? வண்டிகள் விற்றுத் தீர்ந்து நாலா திசையிலும் ஓடத் தொடங்கிய பிறகே பிழை கம்பெனியின் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி ஒவ்வோர் உரிமையாளருக்கும் கடிதம் எழுதி, அவருக்குச் செலவின்றிப் பிழையைத் திருத்தித் தரவேண்டும். கம்பெனிகளோ, இது அற்பப் பிழை, எங்களை இக்கடமையினின்றும் விடுவிக்க வேண்டும் என்று சர்க்காருக்கு மனுச் செய்துகொள்கின்றன. இத்தகைய மனுக்கள் ஆண்டுதோறும் வந்த வண்ணம் இருக்கின்றன. இவற்றின் நியாய அநியாயங்களைச் சற்று ஆராய்வது உசிதம் என்று கருதுகிறோம்.

மோட்டார் வண்டிகளின் பாதுகாப்பைச் சர்க்கார் மேற்பார்வையில் கொணர்ந்த சட்டத்தில் பிரஸிடெண்டு ஜான்ஸன் கையொப்பமிட்டது 1966 செப்டம்பர் 9-ல். அதற்கு முந்திய ஆண்டு ரால்ப் நாடர் என்னும் இளம் வக்கீல் வெளியிட்ட நூலொன்று தேசத்தையே உலுக்கியிருந்தது. ஆயினும் அச்சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. வண்டி விற்பனைக்கு வருமுன் சர்க்கார் அதனைப் பரீட்சித்து அனுமதி தருவதில்லை. விதிகளுக்கு இணங்கவே செய்திருக்கிறோம் என்று கம்பெனியே தனக்குத் தானே நற்சாக்ஷிப் பத்திரம் எழுதிக்கொள்ளும். ஆகவே பின்னால் பிழை தெரிந்தால் அதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுவதொன்றே ஜனங்களுக்குள்ள காப்பு. 1974-ல் செய்த திருத்தம், பழுதை இலவசமாகச் சீர்படுத்தும் கடமையைக் கம்பெனிகளின் தலையில் ஏற்றியது. கூடவே, பாதுகாப்பின் அளவில் விளைவற்ற பிழைகளுக்கு விலக்களிக்கும் வழியையும் திறந்துவிட்டது.

முறை இதுதான். விதிக்கு மாறுபாடு உண்டென்று கம்பெனி தீர்மானித்த ஐந்து வேலை நாட்களுக்குள் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விலக்கு வேண்டுமாயின் முப்பது நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனு சர்க்கார் கெஜட்டில் வெளியாகும். எவர் வேண்டுமானாலும் அபிப்பிராயம் எழுதியனுப்பலாம். தீர்ப்பும் காரணங்களுடன் வெளியாகும். மூடிய கதவுக்குள் மந்திரியின் காதோடு காரியத்தை முடித்துக்கொள்ளும் ஏற்பாடு அன்று இது. இந்த மட்டில் அந்நாட்டாரைப் பாராட்டவே வேண்டும். இதுவரை புகார் வரவில்லை, ஒருவருக்கும் காயமில்லை என்னும் வாதத்தையும், பிழையான வண்டிகள் சொற்பமே என்னும் வாதத்தையும் நிர்வாகம் பெரும்பாலும் ஏற்பதில்லை. பிழையுள்ள வண்டியில் அமர்ந்தவருக்கு, பிழையற்ற வண்டியில் அமர்ந்தவரைவிட அபாயம் கணிசமாக அதிகமா என்பதே அது கேட்கும் கேள்வி.

கேள்வி சரியே. சீட்டுப் பிழை என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு ஜாதிப் பிழைகள் அடங்கியிருப்பதுதான் சங்கடம். எழுத்து அரை மில்லிமீட்டர் குறைந்தால் உலகம் மூழ்கிவிடாது. டயரின் பக்கத்தில் பொறித்த அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் வருஷத்தையும் காட்டுவன. அவை தவறினாலும் டயர் ஓடும். ஆனால் அதே டயர்கள் பழுதென்று பின்னொரு நாள் திரும்ப அழைக்கப்பட்டால், தன்னுடையது அவற்றில் சேர்ந்ததா என்று உரிமையாளர் பார்ப்பது அந்த எண்ணைத்தான். காற்றின் அளவைக் குறைத்துக் காட்டும் சீட்டோ இன்னும் பொல்லாதது. காற்றுக் குறைந்த டயர் அதிகம் மடங்கிச் சூடேறும். பாரமும் வேகமும் சேர்ந்தால் வெடிக்கும்.

இது வெறும் ஊகமன்று. 2000 ஆகஸ்டில் பயர்ஸ்டோன் கம்பெனி திரும்ப அழைத்த டயர்களில் சுமார் 65 லட்சம் அப்பொழுதும் ஓட்டத்தில் இருந்தனவாகக் கணக்கிட்டார்கள். அவற்றில் பல போர்டு கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. டயரின் மேற்பட்டை பிய்ந்து வண்டிகள் குடை சாய்ந்தன. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். போர்டு சொல்லியிருந்த காற்றளவு சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. 30 இருக்கவேண்டும் என்றது பயர்ஸ்டோன். டயரில் குற்றமா, வண்டியில் குற்றமா என்று இரு முதலாளிகளும் ஒருவரையொருவர் சாடிக்கொண்ட விவகாரத்தில் அந்த நான்கு பவுண்டும் ஒரு சாக்ஷியாக நின்றது. அவ்வாண்டு நவம்பர் 1-ல் அமுலுக்கு வந்த சட்டம், டயர்ச் செய்திகளைத் தெளிவாக எழுதவேண்டுமென்று கட்டளையிட்டது. இன்று கதவுத் தூணில் காணும் சீட்டு அந்தத் துயரத்தின் சந்ததி.

மனுதாரர்கள் அடிக்கடி சொல்லும் சமாதானம் ஒன்றுண்டு: சரியான எண் கைப்புத்தகத்தில் இருக்கிறதே என்பது. கைப்புத்தகத்தை யார் படிக்கிறார்கள்? மூன்றாம் கையாக வண்டி வாங்கியவரிடம் அப்புத்தகம் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

இதே வழியில் பெரிய ஆசாமிகளும் நுழைந்து பார்த்ததுண்டு. தகாடா கம்பெனியின் காற்றுப்பைக் கருவிகள் உஷ்ணத்திலும் ஈரத்திலும் பல ஆண்டு கிடந்தபின் வெடித்து, உலோகத் துண்டுகளைப் பிரயாணியின் மேல் எறிந்து உயிர் குடித்தவை. அவ்வகைக் கருவி பொருத்திய சுமார் 59 லட்சம் வண்டிகளுக்கு விலக்கு வேண்டி, 2016 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி நான்கு மனுக்கள் போட்டது. எங்கள் கருவி வேறு மாதிரி, சாலையில் ஒன்றும் வெடித்ததில்லை என்று வாதித்தது. 2020 நவம்பர் 23-ல் நிர்வாகம் மனுக்களைத் தள்ளிவிட்டது. எண் தவறிய சீட்டும் சாவு தரும் கருவியும் ஒரே சட்ட வாசகத்தின் கீழ் "விளைவற்றது" என்ற பட்டத்துக்குப் போட்டியிட்ட விந்தையை வாசகர்கள் கவனிப்பார்களாக.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. 2024 பிப்ரவரியில் டெஸ்லா கம்பெனி சுமார் 22 லட்சம் வண்டிகளைத் திருத்தியது. பிரேக் முதலிய எச்சரிக்கைகளின் எழுத்து, விதித்த 3.2 மில்லிமீட்டருக்குக் குறைவாயிருந்ததே குற்றம். கண்ணாடித் திரையில் தோன்றும் எழுத்தாகையால் கம்பியில்லா முறையிலேயே சரிசெய்தாகிவிட்டது. காகிதச் சீட்டுக்கு அந்தச் சௌகரியமில்லை. தபால் கூலியும் கூலியாளும் வேண்டும்.

செலவை நாம் அலட்சியம் செய்யவில்லை. உண்மையாகவே அற்பமான பிழைக்காக ஆயிரமாயிரம் பேரை வேலை கெட்டு வண்டியுடன் பட்டறைக்கு வரச் சொல்வதில் நியாயமில்லை. அவ்விடத்தில் விலக்களிப்பது தகும். நமது ஆக்ஷேபம் வேறு. தெரிவிக்கும் கடமை ஒரு பிரிவிலும் திருத்தும் கடமை மற்றொரு பிரிவிலும் உள்ளன; ஆனால் இரண்டும் ஒரே தீர்ப்பைப் பற்றி நிற்கின்றன. பிழை விளைவற்றது என்று நிர்வாகம் முடிவு செய்த மாத்திரத்தில் இரு கடமையும் சேர்ந்தே நீங்கிவிடுகின்றன. கெஜட் படிக்கும் வக்கீல்களுக்குப் பிழை தெரியும், கம்பெனிக்குத் தெரியும், சர்க்காருக்குத் தெரியும். பணம் கொடுத்து வண்டி வாங்கி, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு மட்டும் அது தெரியவேண்டியதில்லை! மனு நிலுவையில் கிடக்கும் காலத்திலும் வழக்கத்தில் அவர் நிலைமை இதுவே. சில மனுக்கள் தீர வருஷக்கணக்காகிறது.

இதை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடமில்லை. அந்நாட்டுக் காங்கிரஸ் சபையிடம் இருக்கிறது. திருத்தும் பொறுப்பிலிருந்து மட்டும் விலக்களித்து, தெரிவிக்கும் பொறுப்பை அப்படியே நிறுத்துமாறு 1974-ன் வாசகத்தைத் திருத்தினால் போதும். உங்கள் வண்டியின் சீட்டில் இன்ன எண் தவறு, சரியான எண் இன்னது என்று இரண்டு வரி எழுதிய ஓர் அஞ்சலட்டை உரிமையாளர் வீட்டுக்கு வந்து சேரும். அவர் தமது பேனாவாலேயே அதைத் திருத்திக்கொள்ளுவார்.