டர்போ அழுத்தம்: கைத்திருகா, மின்னணுக் கருவியா?

ஈப்போ - டர்போ இயந்திரம் மாற்றிய பழைய கஞ்சில் கார்களைப் பேராக் சாலைகளில் இன்றும் காணலாம். அவற்றில் அடிப்படைக் காற்றழுத்தத்தைத் தீர்மானிப்பது வேஸ்ட்கேட்டின் சுருள்வில். எந்தக் கருவியும் அழுத்தத்தை அதற்குமேல் ஏற்றுமே தவிர, கீழே இறக்காது.

கைத்திருகு வால்வு மலிவு. வேஸ்ட்கேட்டுக்குப் போகும் காற்றைக் குறைத்து, அதைத் தாமதமாகத் திறக்க வைக்கும். ஆனால் ஒருமுறை வைத்த திருகுக்கு வெயிலும் தெரியாது, மட்டமான பெட்ரோலும் தெரியாது.

மின்னணுக் கருவி சோலனாய்டு மூலம் அழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். எல்லை மீறினால் அடிப்படை அழுத்தத்துக்கு இறக்கிவிடும் வசதியும் பலவற்றில் உண்டு. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறுவோருக்கு இதுவே பொருத்தம். அந்த நீண்ட ஏற்றத்தில் டர்போவுக்கு ஓய்வே கிடையாது.

எதுவானாலும், வேஸ்ட்கேட்டுக்குச் செல்லும் சிறிய ரப்பர் குழாய் கழன்றால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். அதற்கேற்ப பெட்ரோல் கூடாவிட்டால் பிஸ்டன் உருகும். சில ரிங்கிட் குழாயை முதலில் மாற்றுங்கள்.