செஞ்சிக்கு யார் சொந்தக்காரர்?

விழுப்புரம், திண்டிவனம் ஆபீஸ்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே புரோகிராம்தான். பைக்கை எடு, பாண்டிச்சேரிக்கு விடு! (எதுக்குப்பா என்றால் 'காத்து வாங்க' என்பார்கள். நம்புவோம்.) பீச்சில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்களில் சாய்ந்துகொண்டு சுண்டல்கூடத் தின்றிருப்பீர்கள். அதெல்லாம் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனது, சார்!

அந்தச் செஞ்சியைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை. இத்தனைக்கும் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் சுமார் 28 கிலோமீட்டர்தான்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் வளைத்துப் போட்ட மதில். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி. நாக்குத் தள்ள ஏறினால், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து கிடுகிடு பள்ளம்! நடுவில் ஒரு பாலம். அந்தக் காலத்தில் அதை எடுத்துவிட்டால் போச்சு, எதிரி எதிர்ப்பக்கம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம், மொகலாயர்கள் துரத்த, 1689-ல் இங்கே வந்து சேர்ந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வந்து முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698-ல். கிட்டத்தட்ட எட்டு வருஷம்! சர்க்கார் ஃபைல் தவிர வேறெதுவும் ஒரே இடத்தில் அவ்வளவு நாள் கிடந்ததில்லை. அதற்குள் ராஜாராம் தப்பிப் போயாச்சு.

ஆனால் ஊருக்குள் 'கோட்டை யாருது?' என்று கேட்டுப் பாருங்கள். 'தேசிங்கு ராஜா கோட்டைங்க' என்பார்கள்.

அவர் ஒரு வருஷம்கூட முழுசாக ஆண்டதில்லை. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டார். முடியாது என்றார் தேசிங்கு. 1714-ல் சின்னப் படையோடு மோதி, வாலிப வயசில் செத்துப் போனார். கதைப்பாட்டிலே அவருடைய முஸ்லிம் சிநேகிதன் தன் கல்யாணத்தையே பாதியில் விட்டுவிட்டு யுத்தத்துக்கு ஓடி வருகிறான். ராணி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் வைத்த பெயர்தான் ராணிப்பேட்டை என்கிறார்கள். 1960-ல் எம்.ஜி.ஆரே தேசிங்காக வந்தார். எட்டு வருஷ முற்றுகைக்காரரை நம்ம ஊர்த் தெருக்கூத்தில்கூடத் தேட வேண்டியிருக்கிறது!

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எந்தக் கணக்கில் தெரியுமா? மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்ற கணக்கில். மொத்தம் 12 கோட்டை. மகாராஷ்டிராவுக்கு வெளியே இது ஒன்றுதான். சர்டிபிகேட் ராஜாராம் வகையறாவுக்கு, பாட்டு தேசிங்குக்கு!

போனால் கீழே இருக்கும் கல்யாண மகாலையும் பாருங்கள். அடுக்கடுக்கான மாடிகள், மேலே கூம்பு வைத்த கட்டடம். மேல் மாடி வரை மண்குழாயில் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். (என் வாடகை வீட்டில் இரண்டாவது மாடிக்கே இன்னும் ஏறவில்லை.) சுவரில் மட்டும் உங்கள் பெயரையும் காதலி பெயரையும் கிறுக்கிவிட்டு வராதீர்கள். ஏற்கெனவே நிறைய பேர் முந்திக்கொண்டுவிட்டார்கள்.