இடைநின்ற மென்பொருள் இற்றைப்படுத்தல்

இடைநின்ற மென்பொருள் இற்றைப்படுத்தல் என்பது கணினி, நகர்பேசி போன்ற கருவிகளில் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவும் பணி, மின்தடையாலோ இணைய இணைப்பு அறுபடுவதாலோ பயனர் நிறுத்துவதாலோ முடிவுறாமல் நின்றுவிடுவதைக் குறிக்கும். இதன் விளைவு, பணி எக்கட்டத்தில் நின்றது என்பதைப் பொறுத்து அமையும்.

மின்தடையும் கடலூர் மாவட்டமும்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழைக் காலப் புயல்களால் மின்வழங்கல் தடைப்படுவதுண்டு. 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்களாயின. மின்சாரம் நின்றதும் மேசைக்கணினி உடனே அணைந்துவிடும். மடிக்கணினி தன் மின்கலத்தால் சிறிது நேரம் இயங்கும்.

கட்டங்கள்

1. பதிவிறக்கம்: இக்கட்டத்தில் பழைய மென்பொருள் மாற்றப்படுவதில்லை. ஆகவே பணியை நிறுத்துவதால் தீங்கில்லை, பின்னர் தொடரலாம்.

2. நிறுவல்: பழைய கோப்புகளும் புதிய கோப்புகளும் கலந்து நிற்கும். கணினி தொடங்காமற் போகலாம். எனினும் பெரும்பாலும் சீராக்க இயலும்.

3. நிலைபொருள் எழுதுதல்: தாய்ப்பலகையின் பயாசு போன்றவற்றை எழுதும்போது தடை நேர்ந்தால் கருவி முற்றிலும் முடங்கக்கூடும். இதுவே மிகுந்த இடர் உடையது.

மீட்பு

சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சு, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் இது இடம்பெற்றது. டெபியனின் பொதி மேலாண்மை நிரலான டிபிகேஜி, ஒவ்வொரு பொதியும் எந்நிலையில் உள்ளது என்பதைக் குறித்து வைக்கிறது. நிலுவையிலுள்ள பொதிகள் அனைத்தையும் அமைக்குமாறு அதற்கு ஆணையிட்டால், விட்ட இடத்திலிருந்து பணி தொடரும். வேறொரு நிறுவல் இயங்கிக்கொண்டிருக்கையில் அதன் பூட்டுக் கோப்பை நீக்கலாகாது.

விண்டோசு, முடிவுறாத மாற்றங்களைத் திரும்பப் பெற முயலும். அச்செய்தி திரையில் உள்ளவரை கணினியை அணைக்காதிருப்பது நன்று. மீண்டும் அணைத்தால் அம்முயற்சியும் பாதியில் நின்றுவிடும்.

2016இல் வெளியான ஆண்ட்ராய்டு 7.0, இரட்டைப் பகிர்வு முறையை அறிமுகப்படுத்தியது. இம்முறையைக் கொண்ட கருவிகளில் புதிய பதிப்பு, பயன்பாட்டில் இல்லாத பகிர்வில் எழுதப்படுகிறது. அது தொடங்கத் தவறினால் கருவி பழைய பகிர்வுக்கே திரும்பும்.

முன்னெச்சரிக்கைகள்

* முக்கியக் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்தல்.
* மடிக்கணினியில் மின்கலம் நிரம்பிய நிலையில், மின்னிணைப்புடன் பணியைத் தொடங்குதல், மேசைக்கணினிக்கு யு.பி.எஸ். பயன்படுத்துதல்.
* பராமரிப்புப் பணிக்காக அறிவிக்கப்பட்ட மின்தடை நாட்களையும் புயல் எச்சரிக்கைக் காலத்தையும் தவிர்த்தல்.
* நிலைபொருள் இற்றைப்படுத்தலைத் தேவையின்றி மேற்கொள்ளாதிருத்தல்.
* பாதுகாப்புத் திருத்தங்களை ஒத்திவைத்தால், மின்வழங்கல் சீரானதும் அவற்றை மறவாமல் நிறுவுதல்.