துட்டன்காமன் கல்லறையின் காகிதங்கள்

தோண்டிய இடத்தை மறுபடி தோண்டிப் பார்க்க முடியாது. மண்ணடுக்கு ஒருமுறை கலைந்துவிட்டால், எந்தப் பொருள் எதன்மேல் கிடந்தது, எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்ற விவரமெல்லாம் அதோடு போய்விடும். அதன்பின் அந்த இடம் மிஞ்சுவது, அகழ்ந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலும் வரைபடங்களிலும் நிழற்படங்களிலும்தான். களக்குறிப்புகளைக் கண்டெடுத்த பொருள்களுக்கு நிகராக ஆவணக் காப்பகங்கள் பாதுகாப்பது இதனால்தான். அத்தகைய தொகுப்புகளில் மிகவும் பெயர்பெற்றது, எகிப்து மன்னர் துட்டன்காமனின் கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் அகழ்ந்தபோது உருவானது.

1922 நவம்பர் 4 அன்று மன்னர்களின் பள்ளத்தாக்கில் முதல் படிக்கட்டு தென்பட்டது. கல்லறையைக் காலி செய்யும் வேலை 1932 வரை நீண்டது. நான்கு சிறிய அறைகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்தால் மற்றொன்று சரியும் நிலை. ஆகவே கார்ட்டரின் குழு ஒரு வரிசைமுறையை வகுத்துக்கொண்டது. முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் எண். அந்த எண் எழுதிய சிறு வெள்ளை அட்டையைப் பொருளின்மேல் சார்த்தி, கிடந்தது கிடந்தபடியே படம் எடுப்பார்கள். பிறகு அறையின் வரைபடத்தில் அதன் இடம் குறிக்கப்படும். அதன்பிறகே பொருளை நகர்த்துவார்கள். பக்கத்தில் இருந்த இரண்டாம் சேத்தியின் கல்லறைதான் ஆய்வுக்கூடம். அங்கே அளவு, விவரம், கோட்டோவியம், சிதையாமலிருக்கச் செய்த சிகிச்சை எல்லாம் பதிவு அட்டைகளில் ஏறின.

படம் எடுத்தவர் ஹாரி பர்ட்டன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அனுப்பிவைத்த நிபுணர்களில் அவரும் ஒருவர். பள்ளத்தாக்கில் இருந்த இன்னொரு கல்லறையையே இருட்டறையாக்கி, கண்ணாடித் தகடுகளைக் கழுவினார். வேதியியல் வேலை ஆல்ஃபிரெட் லூக்காஸுடையது. பொருள்களைப் பதப்படுத்துவதில் கார்ட்டருக்குத் துணையாக நின்றவர் ஆர்தர் மேஸ்.

இந்த முறை எவ்வளவு பொறுமை கேட்டது என்பதற்கு 21ஆம் எண் பெட்டி ஒன்றே போதும். போரும் வேட்டையும் தீட்டப்பட்ட அழகிய மரப்பெட்டி அது. மூடியைத் திறந்தபோது மேலே நாணலும் பாப்பிரஸும் கொண்டு பின்னிய செருப்புகள் கெடாமல் இருந்தன. அவற்றின் கீழே துணியும் தோலும் தங்கமுமாக ஒரே குழப்பம். அரச உடையொன்று மூட்டையாகக் கசங்கிக் கிடந்தது. அதில் தைத்திருந்த மணிகளும் தங்கப் பூக்களும் அப்படியே இருந்தன; துணியோ விரல் பட்டால் பொடியாகும். துணியைக் காப்பதா, அலங்காரத்தைக் காப்பதா என்று பொருளுக்குப் பொருள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. துணி போனாலும் மணிகள் கோத்திருந்த வரிசை காகிதத்தில் இருந்தால் மறுபடி கோத்துவிடலாம். உள்ளே இருந்த ஒவ்வொன்றுக்கும் 21 என்ற எண்ணோடு அகரவரிசை எழுத்தும் சேர்த்து அட்டை போட்டார்கள். ஒரு பெட்டியைக் காலி செய்ய மூன்று வாரம் பிடித்தது.

இத்தனை ஒழுங்குள்ள பதிவிலும் ஓட்டைகள் உண்டு. 1924இல் எகிப்து அரசுடன் கார்ட்டருக்குத் தகராறு மூண்டு வேலை நின்றது. அப்போது அரசுக் குழு நடத்திய சோதனையில், தாமரையிலிருந்து எழும் மன்னரின் மரத்தலை ஒன்று மதுப்புட்டிப் பெட்டிக்குள் அகப்பட்டது. அதைப் பற்றிக் கார்ட்டர் அதுவரை எங்கும் வெளியிட்டிருக்கவில்லை. நுழைவுப் பாதையின் இடிபாடுகளில் கிடைத்தது என்று விளக்கம் சொன்னார். சந்தேகம் முழுதாகத் தீரவில்லை.

இன்னொன்று இதைவிடச் சுவையானது. மன்னரின் உடல் இருந்த அறை 1923 பிப்ரவரியில், பிரமுகர்கள் முன்னிலையில் முறைப்படி திறக்கப்பட்டது. ஆனால் கார்ட்டரும் அகழ்வுக்குப் பணம் கொடுத்த கார்னார்வன் பிரபுவும் அதற்கு முன்பே, சுவரின் அடியில் இருந்த துளை வழியாக உள்ளே போய் வந்துவிட்டார்கள். அதை 1940களில் வெளியான லூக்காஸின் கட்டுரைகள் அம்பலமாக்கின. கார்னார்வனின் தம்பி மெர்வின் ஹெர்பெர்ட்டின் நாட்குறிப்பும் அதையே சொல்கிறது. பர்ட்டனின் படத்தில், முத்திரையிட்ட அந்தச் சுவரின் அடியில் ஒரு கூடைமூடியும் நாணல் கட்டும் சாதுவாகச் சாய்ந்திருக்கின்றன. துளையை மறைக்க வைத்தவை அவை. எழுதியவர் விட்டுவிட்டதைப் படம் பிடித்து வைத்திருக்கிறது. ஓர் அகழாய்வின் தாள்கள் ஒரே கையால் எழுதப்பட்டவையாக இல்லாதிருப்பது நல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கல்லறைக்குள் முதன்முதலாக எட்டிப் பார்த்தபோது, ஏதாவது தெரிகிறதா என்ற கேள்விக்குக் கார்ட்டர் சொன்ன பதிலும் அப்படித்தான்: அவருடைய குறிப்பேட்டில் ஒரு மாதிரி, கார்னார்வன் எழுதியதில் வேறு மாதிரி, உலகம் ஒப்பிக்கும் நூலில் மூன்றாவது மாதிரி.

குறிப்புகளில் குரல் இல்லாதவர்கள் எகிப்தியத் தொழிலாளர்கள். மேஸ்திரிகளுக்குக் கார்ட்டர் தம் நூலில் பெயர் சொல்லி நன்றி தெரிவித்திருக்கிறார். சுமந்தவர்கள், சலித்தவர்கள் பலர் பர்ட்டனின் படங்களில் முகமாக மட்டுமே நிற்கிறார்கள்.

கார்ட்டர் பொதுவாசகருக்காக 1923, 1927, 1933 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். பல தொகுதிகளாகத் திட்டமிட்ட ஆய்வறிக்கையை மட்டும் எழுதி முடிக்காமலே 1939இல் இறந்தார். இது அவரோடு போன நோயல்ல. ஆதிச்சநல்லூரில் 2004, 2005 ஆண்டுகளில் நடந்த அகழாய்வின் அறிக்கை வெளிவரப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. அதற்கு நீதிமன்ற வழக்கும் தேவைப்பட்டது. அறிக்கை வராத வரை களக்குறிப்புதான் அறிக்கை.

கார்ட்டரின் தாள்களை அவருடைய சகோதரி மகள் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள கிரிஃபித் நிறுவனத்துக்கு அளித்தார். பர்ட்டனின் தகடுகள் ஆக்ஸ்ஃபோர்டிலும் நியூயார்க்கிலுமாகப் பிரிந்திருக்கின்றன. பொருள்கள் எகிப்தில், தாள்கள் இங்கிலாந்தில் என்பது காலனி காலத்தின் மிச்சம். அந்தத் தூரத்தைக் குறைத்தது இணையம். அட்டைகள், நாட்குறிப்புகள், வரைபடங்கள், படங்கள் யாவற்றையும் இணையத்தில் ஏற்றும் வேலையைக் கிரிஃபித் நிறுவனத்தின் யாரோமிர் மாலெக் 1990களில் தொடங்கிவைத்தார். இன்று எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஆய்வாளர்களுக்கு அவை இப்போதும் அன்றாடக் கருவி. மன்னரின் காலணிகளைப் பற்றி ஆந்த்ரே வெல்ட்மெய்யர் 2010இல் ஒரு நூல் வெளியிட்டார். எண்பது ஆண்டுக் காலத்தில் தோலும் நாரும் மேலும் சிதைந்திருந்ததால், அவை முதலில் இருந்த நிலையை அறிய அவருக்குப் பர்ட்டனின் படங்களும் கார்ட்டரின் அட்டைகளும் தேவைப்பட்டன. கல்லறையில் கிடைத்த பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய முழுமையான ஆய்வு நூல் இன்னும் எழுதப்படவில்லை.