மரவேலையில் தூள் பசை

நாற்காலியின் காலையும் சட்டத்தையும் பொருத்துகிற தச்சரும், மெல்லிய மரத்தகடுகளை அச்சின்மேல் வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஆடும் நாற்காலியின் வளைந்த அடிக்கட்டையைச் செய்கிற தச்சரும் பசையிடம் எதிர்பார்ப்பது ஒன்றல்ல. முன்னவருக்குக் கழுந்தும் துளையும் செம்மையாக அமைந்துவிட்டால் பளுவின் பெரும்பகுதியை மரமே தாங்கிக்கொள்ளும். பின்னவர் செய்த வளைவிலோ, மீண்டும் நிமிர்ந்துவிட முயலும் மரத்தின் சுபாவம் இரவும் பகலும் பசைப் படலத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் ஊரில் ஃபெவிகால் என்ற பெயராலேயே வழங்கிவரும் வெள்ளைப் பசை முதல் வேலைக்குப் போதுமானது. அதைவிட விசேஷமான வஸ்து அங்கே தேவையில்லை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அந்தப் பசை காய்ந்த பிறகும் ஓரளவு இளகும் குணம் உடையதாகையால், ஓயாத இழுப்புக்கு உட்படும்போது, அதிலும் கோடையின் உஷ்ணத்தில், மயிரிழை மயிரிழையாக நகர்ந்து கொடுத்துவிடுகிறது. தண்ணீரில் கரைத்துப் பூசும் பிசின் தூள் சிறந்து விளங்குவது இத்தகைய இடத்தில்தான்.

இத்தூளில் சாதாரணமாக இருப்பது யூரியா, பார்மால்டிஹைடு என்ற இரண்டு பொருள்கள் கூடிப் பிறந்த பிசின். யூரியா நம் வயல்களுக்கு இடும் உரமேதான். அதை 1828-ல் பிரெடரிக் வோலர் என்ற ஜெர்மானிய ரசாயனி செயற்கையாக ஆக்கிக் காட்டினார். பார்மால்டிஹைடு மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள வாயு. இரண்டையும் சேர்த்து, வினை பாதியில் நிற்கும்படி செய்து, உலர்த்திப் பொடியாக்கி, அதோடு அமிலத்தன்மை தரும் உப்பொன்றையும் பெரும்பாலும் கலந்து டப்பாவில் அடைக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் நின்றுபோன வினை மறுபடி தொடங்கி, அணுக்கூட்டங்கள் ஒன்றோடொன்று குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு, பின்னர் சூட்டினால் உருகாததும் தண்ணீரில் கரையாததுமான ஒரு திடப்பொருளாகிவிடுகின்றன. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பழைய வச்சிரப் பசையை வெந்நீரால் இளக்கிப் பொருத்தைப் பிரித்துவிடலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

இதன் ஆற்றலுக்கு யுத்தகால விமானம் ஒன்று சாட்சி. 1940 நவம்பர் 25 அன்று இங்கிலாந்தின் ஹாட்பீல்டில் முதன்முதலாகப் பறந்த மாஸ்கிட்டோ, பால்சா மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகை ஒட்டிச் செய்த உடலை உடையது. பாலின் புரதத்திலிருந்து எடுக்கும் கேசீன் பசையையே தொடக்கத்தில் அதற்குப் பயன்படுத்தினார்கள். அது ஈரத்தில் தளர்வதும் பூஞ்சைக்கு இரையாவதுமாக இருக்கவே, கேம்பிரிட்ஜுக்கு அருகே டக்ஸ்போர்டில் நார்மன் டி புரூயின் 1930-களில் உருவாக்கியிருந்த ஏரோலைட் என்ற யூரியாப் பிசின் பசைக்குப் பிற்பாடு மாறினார்கள்.

இவ்வளவு சிறப்பிருந்தும், இது மழையிலும் வெயிலிலும் நிற்கும் வேலைக்கு உரியதன்று. ஈரமும் உஷ்ணமும் ஒருங்கே தாக்கும்போது இந்தப் பிசின் மெல்ல மெல்லச் சிதைகிறது. ஒட்டுப்பலகை வாங்குகிறவர்கள் இதே பேதத்தை வேறு உருவில் பார்த்திருப்பார்கள்: ஐ.எஸ். 303 என்னும் இந்தியத் தரத்தில் எம்.ஆர். என்று குறித்த பலகை பொதுவாக யூரியாப் பிசினால் ஆனது, வீட்டின் உட்புறத்துக்கு உரியது, பி.டபிள்யூ.ஆர். என்பது கொதிநீரையும் எதிர்க்கவல்ல வேறு பிசினால் ஆனது. குளியலறைக் கதவுக்கும் தோட்டத்து இருக்கைக்கும் யூரியாத் தூளை நாடுவது வீண். படகுக்கு ரெசார்சினால் பசை போன்றவை உண்டு. மேலும், சந்துள்ள பொருத்தை நிரப்பவும் இதை நம்பக்கூடாது. தடித்த படலமாக நின்றால் காலப்போக்கில் வெடிப்புக் கண்டு பொடிந்துவிடும்.

பிரயோகத்தில் தட்பவெப்பமே பெரிய எஜமான். அமெரிக்காவில் நெடுங்காலமாக வழங்கும் வெல்ட்வுட் தூளுக்கு 21 டிகிரி செல்சியஸாவது வேண்டும் என்பது விதி; ஆகவே உதகையிலோ கொடைக்கானலிலோ மார்கழி இரவில் இறுக்கி வைத்த வேலை சரியாகப் பிடிக்காமல் சுண்ணாம்புபோல் உதிரக்கூடும். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறாக, கலக்கிய பசை கிண்ணத்திலேயே சீக்கிரம் கெட்டியாகிவிடும் என்பதால் வேண்டிய அளவு மட்டும் கலக்க வேண்டும். தூள் படிந்தும் பொங்கியும் அளவு மாறுமாதலால் கரண்டியை நம்பாமல் தராசில் நிறுத்துக்கொள்வது நலம். முதலில் பாதித் தண்ணீரை விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, மீதியைப் பின்னர் சேர்க்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. அமிலப் பசையும் இரும்பும் சேர்ந்து சில மரங்களில் கருங்கறை உண்டாக்கும். மரத்தை அன்றே இழைத்து அன்றே ஒட்டுவது உசிதம். எண்ணெய்ப் பசையுள்ள தேக்குக்கு இது இன்றியமையாதது. பிறகு கிளாம்பை ஓர் இரவு முழுவதும் கழற்றாதிருக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது தச்சரின் உயிர் சம்பந்தப்பட்டது. அவரை வேலைக்கு அமர்த்தும் முதலாளிகள் இதைச் சிரத்தையோடு படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் நிர்ணயித்தது. மரத்தூளையும் அதற்கு முன்பே அதே வரிசையில் வைத்திருந்தது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் கண்ணெரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் உடனே தெரியும். தோலில் ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் தடிப்பு எழும். தூளை அளக்கும்போது அணியும் என்-95 முகமூடி தூசியைத் தடுக்குமேயன்றி வாயுவைத் தடுக்காது என்பதைப் பலர் உணர்வதில்லை. வாயுவுக்குக் காற்றோட்டமே முதற்காப்பு, அது போதாத இடத்தில் அதற்கென்றே ரசாயன வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். குளிர்சாதன வசதி கெடுமென்று ஜன்னல்களை அடைத்துவிட்டு உள்ளே வேலை வாங்குவது பெரும் அநியாயம். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் விலை உயர்ந்தவை அல்ல. இறுகிய பசைத் துளி கண்ணாடிச் சில்லுபோல் கையைக் கிழிக்கும். அதைத் தேய்க்கும்போது பறக்கும் பொடியும் மூக்கில் ஏறலாகாது. ஒட்டிய துண்டுகளையும் ஒட்டுப்பலகைச் சில்லுகளையும் வெந்நீர் அடுப்பில் எரிக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். சூட்டில் பிசின் சிதைந்து நச்சுவாயுக்களாகப் புகையோடு வெளிவரும். மீந்த பசையைச் சாக்கடையில் கொட்டாமல் கிண்ணத்திலேயே இறுகவிட்டுக் குப்பையில் சேர்க்கலாம்.

கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று இத்தூளுக்குச் சத்துரு. மூடியை இறுக்கி, உலர்ந்த இடத்தில் வைத்தாலும் ஆண்டுக்கணக்கில் சேமிப்பது நன்றன்று. கட்டிபிடித்த தூளை நசுக்கிப் பயன்படுத்தும் சிக்கனம் பின்னர் வேலையையே கெடுக்கும். சந்தேகமிருந்தால் அதே மரத்தின் இரண்டு துண்டுகளை ஒட்டி, முற்றும் இறுகிய பிறகு உளியால் பிளந்து பார்க்கலாம்: நார் கிழிந்து மரமே பிய்ந்தால் தூள் நல்லது, பசைப் படலம் வழவழவென்று இரண்டாகப் பிரிந்தால் அந்த டப்பாவை வேலைக்கு எடுக்கக்கூடாது.