கச்சத்தீவு சென்ற மலைநாட்டு மகள்

அஞ்செட்டி மலைப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது பாடநூலில் கண்ட படமேயன்றி வேறில்லை. படகு என்றால் ஒகேனக்கல் பரிசல். வெள்ளம் என்றால் மழைக்காலத்தில் தொட்டல்லா ஆற்றில் புரண்டோடும் செந்நீர். கேழ்வரகும் அவரையும் விளைவித்து, இரவில் யானைக்கு அஞ்சிக் காவலிருக்கும் குடும்பங்கள் நம்முடையவை. அத்தகைய குடும்பமொன்றின் பத்தொன்பது வயது மகள், ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவள், கச்சத்தீவுத் திருவிழாவுக்குச் செல்ல ஆசை கொண்டாள். "சாமி, அம்மாவிடம் நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்று நம்மிடம் வந்தாள்.

அவளுடைய அத்தை வாழ்க்கைப்பட்டிருப்பது இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தில். அத்தை குடும்பம் செல்கிறது. அண்ணன் உடன் வருகிறான். தளிப் பக்கத்துத் தோழியர் இருவரும் சேர்ந்துகொள்கின்றனர். தாய்க்கோ ஆயிரம் அச்சம். கடல் அச்சம் ஒன்று. அயல்நாட்டுக் கடற்படை அச்சம் மற்றொன்று. மணமாகாத பெண் இரவில் வெளித்தங்கலாமா என்னும் அச்சம் இவையிரண்டினும் பெரிது. தாய்மார் அஞ்சுவதை நாம் ஒருபோதும் நகைப்பதில்லை. ஆயினும் மாதம் முழுவதும் விடுதியில் தங்கி, இரவுப்பணியும் பார்த்து, வீட்டுக்குப் பணம் அனுப்பும் மகளை, உற்றாரோடு ஒரு திருயாத்திரைக்கு அனுப்பத் தயங்குவானேன்? இதையே தாயிடம் கேட்டோம். அவ்வம்மை மறுமொழி சொல்லவில்லை. அண்ணன் அவளை விட்டு அகலக்கூடாது என்று மட்டும் நிபந்தனை விதித்தார்.

இத்தீவைப் பற்றிச் சில செய்திகளை வாசகர் அறிந்திருத்தல் நலம். பாக்கு நீரிணையில் 285 ஏக்கர் பரப்புள்ள சிறு நிலம் அது. குடிநீர் கிடையாது, குடியிருப்போரும் இல்லை. இராமநாதபுரம் சமீன்தாரியைச் சேர்ந்ததாக முன்னர் ஆளப்பட்டது. நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்னும் பக்தர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே புனித அந்தோணியாருக்குச் சிற்றாலயம் எழுப்பினார். இரு கரை மீனவரும் ஆண்டுக்கொருமுறை அங்கே கூடினர். செபமும் நடந்தது, பண்டமாற்றும் நடந்தது, பிரிந்த உறவுகளின் சந்திப்பும் நடந்தது.

1974-ஆம் ஆண்டு சூன் திங்களில், இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் தீவு இலங்கையைச் சேர்ந்ததாயிற்று. அவ்வுடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு நம் யாத்திரிகருக்கு ஓர் உரிமையை விட்டுவைத்தது: முன்போலவே தீவுக்குச் சென்று வரலாம், கடவுச்சீட்டோ விசாவோ தேவையில்லை. தமிழகத்து ஏழை ஒருவர் இவ்விரண்டும் இன்றியே இந்தத் திருவிழாவில் அயல்நாட்டு மண்ணில் கால்வைத்து முழந்தாளிடலாம்! பின்னர் 1983-இல் மூண்ட போரினால் திருவிழா பல்லாண்டுகள் தடைப்பட்டது. 2009-இல் போர் முடிந்தபின் மக்கள் மீண்டும் பெருந்திரளாகச் செல்லலாயினர். 2016-இல் பழைய ஆலயத்தின் அருகே புதிய ஆலயமும் எழுந்தது.

நம் மகள் முதலில் செல்லவிருந்தது 2024 பிப்ரவரித் திருவிழாவுக்கு. விண்ணப்பம் கொடுத்து, விடுப்பும் பெற்று, பையைக் கட்டி வைத்திருந்த வேளையில் இடி போன்ற செய்தி வந்தது. இராமேசுவரம் மீனவர் சிலருக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து, மீனவர் சங்கங்கள் திருவிழாவைப் புறக்கணித்தன. படகில்லாமல் யாத்திரை ஏது? அவள் அழுதாள். நமக்கும் வருத்தமே. எனினும் மீனவரைக் குறைகூற மனம் வரவில்லை. அத்தையின் தெருவில் வீட்டுத்தலைவன் சிறையிலிருக்க, பிள்ளைகளுடன் தவித்த பெண்கள் இருந்தனர். அவர்கள் முன் பயணப்படகு புறப்பட்டுச் செல்வது எவ்வாறு?

2025 மார்ச் 14-ஆம் நாள் அவ்வாசை நிறைவேறியது. அவ்வாண்டு தமிழகத்திலிருந்து மூவாயிரத்துக்கும் மிகுதியானோர் செல்லப் பதிவு செய்திருந்தனர். ஆதார் அட்டையும் பைகளும் சோதிக்கப்பட்டன. உயிர்காப்பு மிதவைச் சட்டை அணிந்து விசைப்படகில் ஏறினர். பாதிக் கடலில் அவளுக்குக் குமட்டலெடுத்தது. அத்தை எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார். அண்ணன் அவளினும் மோசமாக வாந்தியெடுத்ததால், காவலுக்கு வந்தவனுக்கே காவல் தேவைப்பட்டது என்று தோழியர் இன்றளவும் நகைக்கின்றனர்.

மாலையில் கொடியேற்றம். தவக்காலமாதலின் தீவைச் சுற்றிச் சிலுவைப்பாதை. பின்னர் திருப்பலி, இரவில் தேர்பவனி. ஒரே பூசையில் தமிழும் சிங்களமும் ஒலித்ததை அவள் வியந்து கூறினாள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்டு வளர்ந்த நம் எல்லைப்புற மகளுக்கு அதில் வியப்பென்ன என்று கேட்டோம். "சாமி, அங்கே துப்பாக்கி பிடித்தவர்களும் கைகுவித்து நின்றார்கள்" என்றாள். நாம் பேச்சற்றுப்போனோம்.

அவள் நெஞ்சில் ஆழப் பதிந்தது வேறொன்று. இரவு மரநிழலில் துணி விரித்து அமர்ந்தபோது, பக்கத்தில் நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு குடும்பம். அத்தை தம் தெருப்பெண்களின் துயரைச் சொல்ல, நெடுந்தீவுத் தாய் பொறுமையாகக் கேட்டார். பின்னர் அவரும் தம் துயரைச் சொன்னார்: தமிழக விசைப்படகுகளின் இழுவைமடிகள் கடலடியைச் சுரண்டுகின்றன, கடன் வாங்கி விரித்த தங்கள் வலைகள் ஓரிரவில் அறுபட்டுப் போகின்றன, போரில் எல்லாம் இழந்தவர்களுக்கு எஞ்சியது அவ்வலைகளே. அத்தை சிறிது நேரம் வாய்திறக்கவில்லை. எதிர்வாதம் செய்வார் என்று நம் மகள் அஞ்சினாளாம். அவரோ கொண்டுசென்ற புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கும் பங்கிட்டார். அவர்கள் தேங்காய் மிட்டாய் தந்தனர். வலையைப் பற்றி அதன்பின் பேச்செழவில்லை. எந்தப் பிள்ளை என்ன படிக்கிறது என்பதிலேயே பொழுது சென்றது.

மறுநாள் திருவிழாத் திருப்பலியும் கொடியிறக்கமும் முடிந்து திரும்பினர். தங்கச்சிமடத்திலிருந்து தாய்க்குத் தொலைபேசியில் முதலில் கேட்ட கேள்வி, "அம்மா, மீன் விலை என்ன?" என்பது. வேலை செய்யும் பெண் விலை கேட்பது புதிதா என்றார் தாய். மகளோ, அந்த மீன் எந்தக் கரையில் பிடிபட்டது என்பதையும் விசாரிக்கச் சொன்னாளாம்.

செல்ல விரும்பும் நம் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். திருவிழா பிப்ரவரி அல்லது மார்ச்சில் தவக்காலத்தை ஒட்டி வரும். இராமேசுவரம் வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயப் பங்கின் வழியாக முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். குடிநீரும் உணவும் உடன் கொண்டுசெல்க. திறந்த வெளியில் இரவுத் தங்கலாதலால் போர்வை ஒன்று அவசியம். படகேறும் முன் வயிறு நிறைய உண்ண வேண்டாம். காவலுக்கு வரும் அண்ணன்மாருக்கு இதைச் சிறப்பாகச் சொல்கிறோம்.