காலி வீதியில் காட்டு டயர்

மாலை 5 மணி தாண்டினால், வெள்ளவத்தைச் சந்தையடியில் காலி வீதியைக் கடக்க நிற்பவர் வாகனங்களின் டயர்களை ஆறுதலாகப் பார்க்கலாம்; எதுவும் நகராது. பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் நடுவே ஒரு டபுள் கேப் மாட்டிக்கொண்டு நிற்கும். கட்டை கட்டையாக வெட்டிய டயர் முகம், தோள்வரை ஏறிய பற்கள், பக்கச் சுவரில் வெள்ளை எழுத்து. சேற்றையும் கல்லையும் கடிக்கவென்று செய்தது. அங்கே கடிப்பதற்கு நடைபாதைக் கல்லின் ஓரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதை வாங்கியவரின் கணக்கு முழுக்கப் பிழையல்ல. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்த வாகனத்தையே இழுத்துப் பறித்து ஓட்ட வேண்டியிருந்தது. டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் ரூபா விழுந்தபோது, நாலு டயர் மாற்றுவது வீட்டில் கூடிப் பேசி முடிவெடுக்கும் செலவாயிற்று. ஒருதரம் போட்டால் வருடக்கணக்கில் நிற்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பஞ்சிகாவத்தை டயர்க் கடைகள் பக்கம் போனவர்களின் கண்ணில் தடித்த, முரட்டு டயர்தான் முதலில் பட்டது. ஓல் டெரெய்ன், சுருக்கமாக ஏ.டி. தாரிலும் ஓடும், தார் இல்லாத இடத்திலும் ஓடும்.

"நானா, இது எவ்வளவு உழைக்கும்?" என்று கேட்டால் கடைக்காரர் ஒரு கிலோமீற்றர் கணக்குச் சொல்வார். அந்தக் கேள்வியே அரைகுறையானது. டயர் மூன்று விதமாகச் சாகிறது: தேய்ந்து, கிழிந்து, மூத்து. ஒன்றைத் தடுக்கச் செய்யும் வேலை இன்னொன்றுக்குக் கதவைத் திறந்துவிடுவதும் உண்டு.

தேய்வை முதலில் பார்ப்போம். 2,000 கிலோ எடையுள்ள டபுள் கேப்பில், சுமை சமமாகப் பிரிந்தால், ஒரு டயருக்கு 500 கிலோ. உள்ளே 35 பீ.எஸ்.ஐ. காற்று இருந்தால் நிலத்தைத் தொடும் பரப்பு டயருக்குச் சுமார் 200 சதுர சென்ரிமீற்றர். பெரிய ஆள் ஒருவரின் விரித்த கை அளவுதான். அந்தக் கையளவிலும் ஒரு பங்கு வெறும் பள்ளம். சாதாரண வீதி டயரில் ஏறத்தாழக் கால்பங்கு பள்ளமாக இருக்கும், ஏ.டி.யில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வரும். சேற்றுக்கென்றே செய்த எம்.டி. டயரில் பாதியை நெருங்கும். பள்ளம் கூடினால் தாரைத் தொடும் இறப்பர் குறையும். மிஞ்சியிருக்கும் கட்டைகள் ஒவ்வொன்றும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். அந்தக் கட்டைகள் உயரமும் கூடியவை. நிலத்தை மிதிக்கும்போது வளைந்து, விடுபடும்போது சறுக்கி நிமிரும். தாரில் இறப்பர் தேய்வது பெரும்பாலும் அந்தச் சறுக்கலில்தான்.

புது ஏ.டி. டயரின் பள்ளம் 11, 12 மில்லிமீற்றர் ஆழம் வரும். வீதி டயரில் 8 மில்லிமீற்றர் அளவு. ஆழம் ஒன்றரை மடங்கு என்பதால் ஆயுளும் ஒன்றரை மடங்கு என்று வாங்குபவர் நினைக்கிறார். ஆனால் உயரக் கட்டை முதல் சில மில்லிமீற்றர்களை வேகமாகத் தின்றுவிடும். குட்டையாகிய பிறகுதான் நிதானப்படும். நகரத்து நெரிசலில் நின்று நின்று எடுப்பதும், வெயிலில் வெந்த தாரும் சேர்ந்தால், கொழும்புக்குள்ளேயே ஓடும் ஏ.டி. டயர், அதே விலைக்கு வாங்கிய நல்ல வீதி டயரைவிட முன்னதாகவே கடைக்குத் திரும்பி வரலாம்.

கிழிவில் கதை மாறுகிறது. இந்தத் தீவுக்கு அதில் சொந்தமாகச் சொல்ல ஒரு விஷயமும் இருக்கிறது.

இறப்பர் மரத்தின் பாலிலிருந்து வரும் மூலக்கூறு மிக நீளமானது. அதன் அலகுகள் ஏறத்தாழ எல்லாமே ஒரே பக்கமாகத் திரும்பி ஒழுங்காக அமைந்தவை. இழுக்கும்போது அந்தச் சங்கிலிகள் பக்கம் பக்கமாக அடுக்காகிப் பளிங்காகி இறுகும். விட்டால் மறுபடி குழையும். கூர்ங்கல் டயரில் ஒரு கீறல் போட்டால், கீறலின் நுனியில்தான் இழுவை மிக அதிகம். ஆகவே அந்த நுனியிலேயே பளிங்கு தோன்றி, கீறல் மேலே ஓடாமல் மறிக்கிறது. எந்த இடத்தில் வெட்டு விழுகிறதோ அந்த இடத்திலேயே பலம் கூடும் பொருள் இது. பெற்றோலியத்திலிருந்து செய்யும் ஸ்டைரீன்-பியூட்டடையீன் இறப்பருக்கு இந்தக் குணம் இல்லை, அதன் சங்கிலி ஒழுங்கற்றது. ஆனால் தாரில் தேயாமலிருப்பதிலும், ஈர வீதியைப் பற்றிப் பிடிப்பதிலும் அதுதான் முந்தி நிற்கும். அதனால்தான் கார் டயரின் முகத்தில் செயற்கை இறப்பர் மேலோங்கியிருக்கிறது. லொறி டயரில் இயற்கை இறப்பர் பெரும்பங்கு. விமான டயரில் கிட்டத்தட்ட முழுவதும். காட்டுப் பாதைக்கான டயர்களில் இயற்கை இறப்பரைக் கூட்டிக் கலப்பதும் இதற்காகத்தான். கல்லைத் தாங்கும் கலவை தாரில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இரண்டிலும் முதலாவது என்று விளம்பரம் சொன்னால், விளம்பரம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இயற்கை இறப்பரின் கதையில்தான் தீவின் பங்கு வருகிறது. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகள் கியூ தோட்டத்தில் முளைத்தன. அதே வருடம் சுமார் 1,900 கன்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் அவற்றுக்கென ஒரு தோட்டம் போடப்பட்டது. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு வித்திட்ட இடங்களில் அது ஒன்று. 1952இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய ஒப்பந்தத்தை எங்கள் பாட்டிமார் கூப்பன் காலத்துக் கதையாகச் சொல்வார்கள். கொரிய யுத்த காலத்தில் இறப்பர் யுத்தப் பொருளாகப் பார்க்கப்பட்டது, சில்லு இல்லாமல் படை நகராது என்பதால். அகலவத்தையில் இறப்பர் ஆராய்ச்சி நிலையம், களனியில் 1960களில் சோவியத் உதவியோடு எழுந்த டயர் தொழிற்சாலை, இன்று போர்க்லிப்டுகளுக்கான திண்ம டயர் ஏற்றுமதியில் உலகின் முன்வரிசை என்று அந்த வரலாறு நீளும். இத்தனைக்கும் நடுவே, ஏ.டி. டயர் ஒன்றுக்கு நாம் பெரும்பாலும் தாய்லாந்தையும் சீனாவையும் பார்த்து நிற்கிறோம். அது வேறு கட்டுரைக்கான வயிற்றெரிச்சல்.

மூன்றாவது சாவு மூப்பு. அதைப் பேச அமெரிக்கா வரை போக வேண்டும்.

2000 ஆகஸ்டில் பயர்ஸ்டோன் நிறுவனம் அங்கே 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் ஒரு வகையின் பெயரே 'வில்டர்னஸ் ஏ.டி.'. பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் ஜீப்புகளில் பூட்டியிருந்தவை. வேகமாக ஓடிக்கொண்டிருக்கையில் டயரின் முகம் உருக்குப் பட்டியோடு உரிந்து போகும், வாகனம் புரளும். 270க்கு மேற்பட்ட மரணங்கள் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா போன்ற வெப்பமான மாநிலங்களிலேயே சம்பவங்கள் குவிந்தன. உருக்குப் பட்டிகள் இரண்டுக்கும் இடையிலுள்ள இறப்பர், ஓரத்தில் வருடக்கணக்காக வெப்பத்தில் வலுவிழந்து, அங்கிருந்து வெடிப்பு உள்ளே ஓடியதை அரசாங்க விசாரணை கண்டது. எக்ஸ்புளோரருக்கு ஃபோர்ட் பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 பீ.எஸ்.ஐ.; அது குறைவு என்ற சர்ச்சையும் பெரிதாக எழுந்தது. காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக வளையும், வளைவு வெப்பமாகும். அங்கே புது வாகனங்களில் காற்றுக் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு சட்டமானது அந்த விவகாரத்தின் பின்விளைவுதான்.

அரிசோனாவின் வெப்பம் நமக்கு இல்லை என்று ஆறிவிட முடியாது. கொழும்பில் குளிர்காலமே கிடையாது; டயர் வருடம் முழுக்க மூத்துக்கொண்டிருக்கும். வெள்ளவத்தையின் மாடிவீடுகளுக்குக் கீழே கிழமைக்கணக்காக அசையாமல் நிற்கும் ஜீப்புகளுக்கு ஆபத்து இன்னும் கூட. டயர் இறப்பரில் ஒரு மெழுகு கலந்திருக்கிறது. ஓடும்போது இறப்பர் வளைய வளைய அது மேற்பரப்புக்குக் கசிந்து, காற்றிலுள்ள ஓசோன் தாக்காமல் காக்கும். நிறுத்தியே வைத்திருந்தால் மெழுகு மேலே வருவது குறைந்து, பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் விழும். கடற்காற்றின் உப்பு இறப்பரை ஒன்றும் செய்யாது, றிம்மைத்தான் அரிக்கும். பள்ளம் பத்து மில்லிமீற்றர் இருக்கிறது, போட்டதுபோல இருக்கிறது என்று பெருமைப்படும் டயர்தான் உள்ளுக்குள் கிழடாகியிருக்கும். பத்து வருடம் தாண்டியதை எப்படியிருந்தாலும் கழற்றச் சொல்கின்றன பெரிய கம்பனிகள் சில.

அதனால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது பக்கச் சுவரிலுள்ள நாலு இலக்கம். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆம் கிழமையில் செய்தது. இறக்குமதி தடைப்பட்ட வருடங்களுக்குப் பிறகு, 'புது' டயர் என்பது பாவிக்காத டயர் மட்டும்தானா என்று கேட்டே வாங்க வேண்டும். அடுத்தது 265/65ஆர்17 112எஸ் என்ற வரிசை. 112 என்பது 1,120 கிலோ தாங்கும் என்றும், எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வரை என்றும் பொருள்படும். முன்னால் எல்.டி. என்று இருந்தால் லொறி ரகத்துக் கட்டுமானம். பக்கச் சுவர் பலம், தோட்டத்துக் கல்லுக்கு நல்லது. ஆனால் அதே சுமைக்கு அது கூடுதல் காற்றுக் கேட்கும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் பழைய அழுத்தத்தையே அடித்தால் குறைக்காற்றில் ஓடுவதற்குச் சமம். மலையும் பனிச்செதிலும் கொண்ட சின்னத்தைக் காட்டி விலை கூட்டினால் சிரித்துக்கொண்டே மறுக்கலாம். அது வெண்பனி வீதிக்கான சான்று.

உயரமான டயர் போடும் ஆசைக்கும் விலை உண்டு. 265/65க்குப் பதில் 265/70 போட்டால் சுற்றளவு 3.4 வீதம் கூடும். தெற்கு அதிவேகப் பாதையில் முள் 100 காட்டும்போது வாகனம் 103இல் போகும். பொலிஸின் கருவி முள்ளைப் பார்ப்பதில்லை. எடை கூடிய டயருக்கு எரிபொருளும் கூடும். கியூஆர் குறியீட்டோடு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022ஐ மறக்காதவர்கள் இதைக் கவனிப்பார்கள்.

சரி, யாருக்குத்தான் ஏ.டி. வேண்டும்? நல்லூர்த் திருவிழாவுக்கு ஏ9, ஆவணியில் மடு, கதிர்காமம், நுவரெலியா என்று வருடத்துப் பயணங்கள் முடிந்தால், எல்லாமே தார். வீதி டயர் போதும். மழையில் பிரேக் பிடிக்கவும் பெரும்பாலும் அதுவே மேல். ஏ.டி.யின் அகலப் பள்ளம் தேங்கிய நீரை நன்றாக வெளியேற்றும், அது உண்மை. ஆனால் மெல்லிய ஈரத்தில், முதல் மழையில் எண்ணெயும் புழுதியும் கலந்து வழுக்கும் காலி வீதியில், தாரைத் தொடும் இறப்பர் அளவுதான் பேசும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு, கல் பெயர்ந்த பாதையில் லயத்தடி வரை மாதாமாதம் ஏறுபவருக்கு ஏ.டி. தேவை. வன்னியின் உட்கிராமங்களுக்குக் கிரவல் வீதியில் வேலைக்குப் போகிறவருக்கும் தேவை. மார்கழி மழையில் முருங்கன் பக்கத்துக் கருங்களியில் இறங்குபவருக்கு அதுவும் போதாது. களி பள்ளத்தை அடைத்ததும் ஏ.டி. மொட்டை டயராகிவிடும், அங்கே எம்.டி. வேண்டும், அல்லது உழவு இயந்திரத்தோடு ஒரு நல்ல மனிதர் வேண்டும்.

வில்பத்து மணலில் டயரின் பல்லைவிடக் காற்றுத்தான் வேலை செய்யும். மேலே போட்ட கணக்கையே எடுங்கள்: 35இலிருந்து 18 பீ.எஸ்.ஐ.க்கு இறக்கினால் தொடும் பரப்பு ஏறத்தாழ இரட்டிக்கும், மணல் மேலேயே மிதந்து போகலாம். வீதி டயரும் 18இல், 35 பீ.எஸ்.ஐ. அடித்த விலை கூடிய ஏ.டி.யை முந்திவிடும். ஆனால் காட்டை விட்டு வெளியே வந்ததும், தாரில் ஏறுமுன் திரும்ப அடித்தாக வேண்டும். வெப்பம் ஒரு காரணம். மழை இன்னொன்று: நாசாவில் விமான டயர்களுக்காக 1960களில் கண்ட தோராயச் சூத்திரப்படி, தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் 35 பீ.எஸ்.ஐ.யில் சுமார் 98 கிலோமீற்றர்; 25இல் 83. டயருக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு, பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்புக்கும் அழுத்தமானிக்கும் போகட்டும்.

அடுத்து ரீபில்ட், அதாவது தேய்ந்த டயருக்குப் புது முகம் ஒட்டுவது. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்கு ஏறி இறங்கும் லொறிகளுக்கு அது சரியான சிக்கனம். அந்த டயர்களின் உடலே இரண்டாம் முகம் ஒட்டும் எண்ணத்தோடு கட்டப்பட்டது. ஜீப் டயருக்கு அந்தப் பலம் எப்போதும் இராது. பழைய உடலின் வயது தெரியாமல், அதன்மேல் ஒட்டிய புது ஏ.டி. பற்களை நம்பி 100இல் போவதற்கு நான் துணிய மாட்டேன்.

இன்னொன்று, வாகனத்துக்கு அடியில் தொங்கும் ஐந்தாவது சில்லு. நாலையும் ஏ.டி.க்கு மாற்றிவிட்டு, வாகனத்தோடு வந்த பழைய வீதி டயரையே ஸ்பெயராக விட்டுவைப்பவர்கள் அதிகம். அதன் சுற்றளவு வேறு. நாலு சில்லு இழுவையில் போட்டு ஓடினால் முன், பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். அதன் வயதோ பெரும்பாலும் வாகனத்தின் வயது. நானா நாலு டயருக்கு விலை சொல்வார். ஐந்துக்குக் கேளுங்கள்.